வீட்டுக்குள் ஒரு அச்சாபீஸ்!

என் பெயரை முதல் முதலாக அச்சில் பார்த்தபோது எனக்கு வயது எட்டு. அத்தையின் கல்யாணப் பத்திரிகை. அடியில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று வீட்டுப் பொடிசுகளின் பெயரையெல்லாம் வரிசையாகப் போடுவார்களே, அதில் நானும் ஒருவன்.

சித்தப்பா அப்போது கும்பகோணத்தில் ஒரு சின்ன அச்சகத்தில் கம்பாஸிட்டர். "உன் பேரை நீயே கோத்துக்கோடா" என்று கையில் ஸ்டிக்கைக் கொடுத்துவிட்டார். (ஸ்டிக் என்றால் அடிக்கிற ஸ்டிக் இல்லை. ஈய எழுத்துகளை வரிசையாக அடுக்குகிற சின்ன உலோகத் தட்டு.) நானும் ரொம்ப சின்சியராக எழுத்துகளைப் பொறுக்கி, படிக்கிற மாதிரியே நிமிர்த்தி அடுக்கினேன். ப்ரூஃப் எடுத்துப் பார்த்தால்... கடைசி எழுத்து முதலில் வந்து, துணைக்கால் யாரோ பக்கத்து வீட்டு எழுத்தோடு போய் ஒட்டிக்கொண்டு, ஏதோ ஜப்பான்காரர் பெயர் போல இருந்தது!

சித்தப்பா சிரிக்கவில்லை. "அச்சுல எல்லாமே கண்ணாடி பிம்பம். எழுத்தைத் தலைகீழா நிறுத்தி அடுக்கணும். தப்பு உன் பேர்ல வந்ததால பொழச்சோம். மாப்பிள்ளை பேர்ல வந்திருந்தா?" என்றார்.

அந்த ப்ரூஃப் காகிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. அச்சகம்தான் இல்லை. ஆஃப்செட்டும் கம்ப்யூட்டரும் வந்தபின் எழுத்துகளையெல்லாம் கிலோ கணக்கில் நிறுத்து பழைய ஈயமாக விற்றுவிட்டார்கள். சித்தப்பா ஜெராக்ஸ் கடைக்குப் போனார்.

இதெல்லாம் ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன மாதம் பழைய புத்தகக் கடையில் ஒரு தடிமன் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அதில் 1870-களில் வந்த ஒரு அமெரிக்க விளம்பரத்தைப் பற்றிப் போட்டிருந்தது. விற்பனைப் பொருள், சைக்கிளோ கடிகாரமோ இல்லை சார்... பிரிண்டிங் பிரஸ்! மேஜை மேல் வைத்துக்கொள்கிற குட்டி பிரஸ். விலை மூன்று டாலர். விசிட்டிங் கார்டை நீங்களே அடியுங்கள், செலவு மிச்சம். அடுத்தவருக்கும் அடித்துக் கொடுங்கள், வரவும் உண்டு என்கிற ரகம்.

செலவும் மிச்சம், வரவும் உண்டு என்று ஒரே விளம்பரத்தில் சொன்னால், எங்கள் பி.காம். வாத்தியார் அந்த லெட்ஜரையே மூடச் சொல்லுவார். நான் மூடவில்லை. தோண்ட ஆரம்பித்தேன்.

டிராயிங் ரூமில் பிரஸ்

விக்டோரியா மகாராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் வசதியான வீட்டு ஆசாமிகளுக்கு சாயங்காலம் என்றால் பெரிய பிரச்னை. டி.வி. கிடையாது, சினிமா கிடையாது. ஆகவே ஆளாளுக்கு ஒரு ஹாபி. பட்டாம்பூச்சி பிடித்தார்கள், கல் பொறுக்கினார்கள், செடிகளைக் காயவைத்து நோட்டில் ஒட்டினார்கள். சிலர் அச்சடித்தார்கள்.

எட்வர்ட் கூப்பர் என்று ஒரு இன்ஜினீயர். லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகைக்காக மணிக்கு சுமார் நாலாயிரம் பிரதி அடித்துத் தள்ளுகிற ராட்சத இயந்திரத்தை 1820-களில் உருவாக்கிய இருவரில் ஒருவர். அதே மனிதர் வரவேற்பறை மேஜையில் வைக்கிற ஒரு பொம்மை சைஸ் பிரஸ்ஸையும் வடிவமைத்தார். பெயரே 'பார்லர் பிரஸ்'. யானை செய்கிறவர் எலியும் செய்த கதை!

இதை விற்றது ஹோல்ட்ஸாஃப்ஃபெல் என்ற லண்டன் கம்பெனி. பொழுதுபோக்குக்காக மரமும் தந்தமும் கடைகிற கனவான்களுக்குக் கடைசல் இயந்திரம் செய்து பேர் வாங்கியவர்கள். பிரஸ்ஸை விற்றதோடு விடவில்லை. எழுத்தை எப்படிக் கோர்ப்பது, மையை எப்படித் தடவுவது என்று அமெச்சூர்களுக்காகவே ஒரு கையேடும் போட்டார்கள். 1846-க்குள் அது மூன்றாம் பதிப்புக்கு வந்துவிட்டது என்றால், வாங்கிப் படித்தவர்கள் கொஞ்ச நஞ்சப் பேர் இல்லை என்று அர்த்தம்.

பாகு, மை, பொறுமை

'ஆஹா, ஜாலியான ஹாபி' என்று நினைக்காதீர்கள். இதில் படுகிற அவஸ்தை, கரியடுப்பில் கல்யாண சமையல் செய்வதற்குச் சமம்.

முதலில் எழுத்து. ஒவ்வொன்றும் தனித்தனி ஈயக் குச்சி. ஆங்கிலத்தில் இருபத்தாறுதானே என்று ஏமாறக்கூடாது. பெரிய எழுத்து, சின்ன எழுத்து, கமா, முற்றுப்புள்ளி, வார்த்தைக்கு நடுவில் இடம் விட ஈயத் துண்டு என்று எல்லாவற்றுக்கும் தனித்தனி அறை. எல்லாமே கண்ணாடி பிம்பம் என்பதால் 'பி'-யும் 'டி'-யும் ரெட்டைப் பிள்ளைகள் மாதிரி குழப்பும். கைக்காசு போட்டு வாங்கிய எழுத்து என்பதால் அளவாகத்தான் இருக்கும். ஆங்கிலத்தில் அதிகம் வருகிற எழுத்து 'ஈ'. அது தீர்ந்து போனால், மனதில் எவ்வளவு பெரிய காவியம் இருந்தாலும் அந்த வாக்கியம் அங்கேயே படுத்துவிடும்.

அடுத்தது மை தடவுகிற உருளை. அது ரப்பர் இல்லை. தச்சர்கள் உபயோகிக்கிற வஜ்ஜிரத்தையும் கரும்புப் பாகையும் சேர்த்துக் காய்ச்சி வார்த்தது. வெயில் வந்தால் இளகும். குளிர் வந்தால் இறுகும். கிட்டத்தட்ட மேலதிகாரி மூடு மாதிரி.

இத்தனைக்கும் பிறகு அடுக்கி முடித்த பக்கத்தை இறுக்கிக் கட்டித் தூக்கும்போது கை நழுவினால் போச்சு. அரை ராத்திரி உழைப்பு தரையில் சிதறிக் கிடக்கும். உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி பொறுக்க வேண்டியதுதான்.

அப்படியும் ஏன் செய்தார்கள்?

தாத்தா அடித்த கவிதை

லண்டனில் கேட்டானோ பொலிடோரி என்று ஒரு இத்தாலியத் தாத்தா. வீட்டிலேயே சொந்தமாக பிரஸ் வைத்திருந்தார். பேத்திக்கு கவிதைக் கிறுக்கு. எந்தப் பதிப்பாளரும் சீந்தாத வயது. தாத்தா சும்மா இருப்பாரா? 1847-ல் பேத்தியின் கவிதைகளைத் தானே அச்சடித்து, சின்னப் புத்தகமாக்கிக் கையில் கொடுத்துவிட்டார். பேத்திக்கு அப்போது பதினாறு. பெயர் கிறிஸ்டினா ரோஸெட்டி. பிற்காலத்தில் இங்கிலாந்தின் முக்கியமான கவிஞர்களில் ஒருவர்!

ஆக்ஸ்ஃபோர்டில் ஹென்றி டேனியல் என்று ஒரு பாதிரியார், கல்லூரிக்காரர். சின்னப் பையனாக இருக்கும்போதே சகோதரர்களோடு வீட்டில் அச்சடித்துப் பழகியவர். வளர்ந்து பெரிய மனிதரான பிறகும் அந்தப் பைத்தியம் தெளியவில்லை. அவர் மகள் ரேச்சலுக்கு முதல் பிறந்தநாள் வந்தது. நாமாக இருந்தால் என்ன செய்வோம்? கேக், பலூன், மாமாவுக்கு ஒரு போன். அவர் தெரிந்த கவிஞர்களிடமெல்லாம் ஆளுக்கொரு கவிதை வாங்கி, 1881-ல் மகளுக்காக ஒரு புத்தகம் அடித்தார். மொத்தம் 36 பிரதிகள். கவிதை கொடுத்தவர்களில் 'ஆலிஸ்' கதை எழுதிய லூயி கரோலும் உண்டு.

இதில் ஒரு குறும்பு. ஒவ்வொரு கவிஞருக்கும் போன பிரதியில், முகப்புப் பக்கத்தில் அவர் பெயர்தான் முன்னால் இருக்கும். மற்றவர்களெல்லாம் 'இன்னும் பலர்' கணக்கில்! அத்தனை பேருக்கும் தனித்தனியாக முகப்பை மாற்றி அடித்திருக்கிறார் மனிதர். இந்த ஒரு தந்திரம் தெரிந்திருந்தால் நம் ஊர் கல்யாணப் பத்திரிகைகளால் எத்தனை சம்பந்திச் சண்டைகள் மிச்சமாகியிருக்கும்!

ரயிலில் ஒரு எடிட்டர்

அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்கா போனால் நிலைமை வேறு. அங்கே இது பையன்கள் சமாசாரம்.

1862-ல் போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் நடுவே ஓடிய ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்றுக்கொண்டிருந்தான் ஒரு பதினைந்து வயதுப் பையன். செகண்ட் ஹாண்டில் ஒரு குட்டி பிரஸ் வாங்கி, சாமான்கள் ஏற்றுகிற பெட்டியின் ஒரு மூலையில் வைத்து, 'வீக்லி ஹெரால்ட்' என்று வாரப் பத்திரிகையே நடத்தினான். செய்தி சேகரிப்பு, எடிட்டிங், கம்போஸிங், அச்சு, விற்பனை எல்லாம் ஒரே ஆள். மாதச் சந்தா எட்டு சென்ட். எழுத்துப் பிழைகளுக்குக் குறைவில்லை. பையன் பெயர் தாமஸ் ஆல்வா எடிசன். பல்பு எரிவதற்கு முன்பே பத்திரிகை எரிந்திருக்கிறது... மன்னிக்க, பிரகாசித்திருக்கிறது!

அந்த மூன்று டாலர் விளம்பரம் சொன்னேனே, அந்த ரக பிரஸ்ஸை விற்றவர்களில் பெரிய ஆள் கனெக்டிகட் மாநிலத்து வில்லியம் கெல்சி. 1872 வாக்கில் இருபது சொச்சம் வயதில் ஆரம்பித்தார். 'எக்ஸெல்சியர்' என்று பெயர் வைத்து, தபாலிலேயே விற்றார். கம்பெனி நூறு வருடங்களுக்கு மேல் ஓடியது. மூன்று டாலர் பிரஸ்ஸில் கார்டுதான் அடிக்கலாம். அதற்குமேல் ஆசை வந்தால் பெரிய பிரஸ், அதற்கும்மேல் இன்னும் பெரிய பிரஸ். மீன் பிடிக்கிற தத்துவம்தான். முதலில் சின்ன புழு.

பிரஸ் கையில் வந்ததும் பையன்கள் கார்டோடு நிற்பார்களா? ஆளாளுக்குப் பத்திரிகை. உள்ளங்கை அகலத்தில் நாலு பக்கம், எட்டுப் பக்கம். கதை, கவிதை, புதிர், அடுத்த ஊர்ப் பையனின் பத்திரிகையைக் கிழிகிழியென்று கிழித்து விமரிசனம். காசுக்கு விற்றதைவிட ஒருவருக்கொருவர் தபாலில் மாற்றிக்கொண்டதுதான் அதிகம். இப்படிப் பத்திரிகைகள் நூற்றுக்கணக்கில் கிளம்பின. 1876 ஜூலையில் நாட்டின் நூற்றாண்டு விழா சமயத்தில் ஃபிலடெல்ஃபியாவில் கூடி, 'தேசிய அமெச்சூர் பத்திரிகைச் சங்கம்' என்று ஒன்றே ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர், துணைத் தலைவர், தேர்தல், கோஷ்டிப் பூசல் எல்லாம் உண்டு. பெரியவர்கள் தோற்றார்கள்!

பனி ஊரில் ஒரு கூட்டு வியாபாரம்

எனக்கு ரொம்பப் பிடித்தது ஸ்விட்சர்லாந்துக் கதை. 'ட்ரெஷர் ஐலண்ட்' எழுதிய ஆர்.எல். ஸ்டீவன்சனுக்கு நெஞ்சு நோய். மலைக்காற்றுக்காக 1881-82 குளிர்காலத்தை டாவோஸில் கழித்தார். சுற்றிலும் பனி, இருமுகிற நோயாளிகள். கூடவே மனைவியின் முதல் திருமணத்து மகன் லாய்ட், பதின்மூன்று வயது. அவனிடம் ஒரு விளையாட்டு பிரஸ்.

லாய்ட் ஹோட்டல் கச்சேரிகளுக்கு நிகழ்ச்சி நிரல் அடித்துக் காசு பார்த்தான். பிறகு முதலாளி லாய்ட், எழுத்தாளர் ஸ்டீவன்சன் என்று ஒப்பந்தம். ஸ்டீவன்சன் வேடிக்கைப் பாட்டு எழுதுவார். மரக்கட்டையில் தானே படமும் செதுக்குவார். பையன் அடித்து, ஹோட்டல்காரர்களுக்குச் சில பென்ஸுக்கு விற்பான். 'மாரல் எம்ப்ளம்ஸ்' என்று 1882-ல் வந்த சின்னப் புத்தகம் அப்படிப் பிறந்ததுதான். உலகம் கொண்டாடிய நாவலை எழுதி முடித்த கை, அதே குளிர்காலத்தில் ஒரு பையனின் பிரஸ்ஸுக்கு மரக்கட்டை செதுக்கியிருக்கிறது. பெற்ற பிள்ளைக்கே ஹோம்வொர்க் சொல்லித்தர அலுத்துக்கொள்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கத்தான் செய்யும்.

பொழப்பா, விளையாட்டா?

இத்தனையும் சேகரித்துக்கொண்டு உற்சாகமாகக் கும்பகோணம் போனேன். சித்தப்பாவுக்கு இப்போது கண் புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். முகத்தில் ஒரு சிரிப்பு இல்லை.

"அங்கே கம்பாஸிட்டரே கிடையாதா?" என்றார்.

"இருந்தாங்க சித்தப்பா. ஏழு வருஷம் அப்ரெண்டிஸா இருந்து கத்துக்கணும்."

"ஏழு வருஷம் கத்துக்கிட்டவன் வயித்துல, மூணு டாலர் கொடுத்து வாங்கினவன் அடிச்சிருக்கான். நீ அதைப் போய் அழகுன்னு சொல்றே."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. சில்லறைக் கார்டு, நோட்டீஸ் வேலைதான் சின்ன அச்சகத்துக்குச் சோறு. அதைப் பள்ளிக்கூடப் பையன் பாதி விலைக்கு அடித்துக் கொடுத்தால்? தொழில்காரர்கள் அந்தக் காலத்திலும் இதற்காக முகம் சுளித்தார்கள். ஒருத்தருக்கு ஹாபியாக இருப்பது இன்னொருத்தருக்கு வாடகைப் பணம். வரவு-செலவுக் கணக்கு படித்த எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள்!

பேச்சை மாற்றலாம் என்று இன்னொரு கதையைச் சொன்னேன்.

சின்சினாட்டி நகரத்தில் ஹெர்பர்ட் கிளார்க் என்று ஒரு கறுப்பின இளைஞர். 'லெ பிஜூ' என்று சொந்தமாக அமெச்சூர் பத்திரிகை நடத்தினார். அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்து பதினாலு வருடம்கூட ஆகவில்லை. 1879-ல் அந்தப் பையன்கள் சங்கம் அவரைத் துணைத் தலைவர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்தது. தென் மாநிலத்துப் பையன்கள் சிலர் கொதித்துவிட்டார்கள். ஒரு கறுப்பனோடு நாங்கள் எப்படி ஒரே சங்கத்தில் இருப்பது என்று வெளியேறினார்கள். கறுப்பர்களைச் சேர்க்கக்கூடாது என்பதற்காகவே தனிச் சங்கம் கட்டினார்கள்.

கிளார்க் எந்த எடிட்டர் வாசலிலும் போய் நிற்கவில்லை. அவருக்குத்தான் பத்திரிகை இருந்ததே! தன் 'லெ பிஜூ'விலேயே அவர்களுக்குப் பதில் கொடுத்தார். அந்தப் பிரதிகள் பையன்களோடு பையன்களாக ஊர் ஊராகத் தபாலில் போயின.

சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அதுக்கு மட்டும் பெரிய அச்சாபீஸ்ல ஆள் கிடைச்சிருக்க மாட்டான், இல்லையா?" என்றார்.

கிடைத்திருக்க மாட்டான்தான். இந்த ஹாபியின் மொத்த விஷயமும் அதில் அடங்கிவிட்டது. யாரிடமும் அனுமதி கேட்காமல் நம் பேச்சை நாமே அச்சில் ஏற்றலாம் என்பது, அதுவரை பணக்காரருக்கும் பத்திரிகை முதலாளிக்கும் மட்டுமே இருந்த வசதி. மூன்று டாலரில் அது ஒரு பையன் மேஜைக்கு வந்தது. கவிதை எழுதிய பேத்திக்கு அது தாத்தாவின் பரிசு. கிளார்க்குக்கு அது ஒரு குரல்.

தபால் வைத்த வேட்டு

அதே 1879-ல் அமெரிக்கத் தபால் சட்டம் மாறியது. பத்திரிகைகளுக்கான சலுகைக் கட்டணம் இந்தக் குட்டிப் பத்திரிகைகளுக்கு இல்லை என்று ஆயிற்று. அச்சடிக்க ஆன செலவைவிட அனுப்புகிற செலவு பயமுறுத்த, பல பத்திரிகைகள் படுத்துவிட்டன. பையன்களும் மீசை முளைத்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டு பிரஸ்ஸைப் பரணில் ஏற்றினார்கள். ஆனாலும் அவர்கள் அடித்துத் தள்ளிய பத்திரிகைகளை மாசசூசெட்ஸ் மாநிலத்தின் அமெரிக்கன் ஆன்டிக்வேரியன் சொசைட்டி என்கிற நூலகத்தில் ஆயிரக்கணக்கில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

கிளம்பும்போது சித்தப்பா ஒரு கேள்வி கேட்டார். "அச்சடிச்ச பிறகு எழுத்தையெல்லாம் பிரிச்சுப் போட்டாங்களா?"

விஷயம் தெரிந்தவர் கேட்கிற கேள்வி அது. கோர்ப்பது குஷி. அடிப்பது அதைவிடக் குஷி. அடித்து முடித்ததும் ஒவ்வொரு எழுத்தையும் துடைத்து, அதனதன் அறையில் திரும்பப் போட வேண்டுமே, அதில்தான் ஆள் தெரிந்துவிடும்.

"பிரிச்சுத்தான் ஆகணும் சித்தப்பா. இருந்ததே கொஞ்சம் எழுத்து. இந்தப் பக்கத்தைப் பிரிச்சாத்தான் அடுத்த பக்கத்தைக் கோக்க முடியும்."

"அப்ப சரி. அவங்களும் நம்ம ஆளுங்கதான்" என்று சொல்லிவிட்டு முதல் தடவையாகச் சிரித்தார்.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து போனில் அவருக்குப் படித்துக் காட்டினேன். கடைசியில், "கையால கோத்தா இதுக்கு எவ்வளவு நேரம் ஆகும் சித்தப்பா?" என்றேன்.

"ரெண்டு நாள். ஆனா இதுல பாதி தேவையில்லைன்னு உனக்கு மொத நாளே தெரிஞ்சிருக்கும்" என்றார்.